தாய்மரத்தின் பெயரை எழுதிக் கொடுங்கள்

கோகோ ரகங்களை உருவாக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு,

வணக்கம். சோழவந்தான் பக்கம் மூன்று ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு நெல் தெரியும், வெற்றிலைக் கொடிக்கால் தெரியும், கோகோ புதுசு. தென்னை நிழலிலேயே வரும், தேங்காய் விலை விழுகிற வருடம் கைகொடுக்கும் என்றார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் இருநூறு ஒட்டுக்கன்று வாங்கி நட்டேன். எந்தப் பண்ணை என்று எழுதப்போவதில்லை. சண்டை போட எழுதும் மடல் இல்லை இது.

கன்றுகள் நன்றாகத்தான் வந்தன. மூன்றாம் வருடம் பூத்தன. கோகோ கிளை நுனியில் பூப்பதில்லை. பலா காய்க்கிற மாதிரி, அடிமரத்துப் பட்டையிலிருந்தே கொத்துக் கொத்தாக வரும். ஒரு பூ சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மரத்துக்கு நூற்றுக்கணக்கில் பூ. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அத்தனையும் கீழே கொட்டிக் கிடக்கும். மேலே ஒரு பிஞ்சு இருக்காது.

உரம் போதவில்லை என்றார் ஒருவர். தண்ணீர் அதிகம் என்றார் இன்னொருவர். அப்புறம் விவரம் தெரிந்த ஒருவர் வந்து, "தோப்பை வீட்டு முற்றம் மாதிரி கூட்டி வைத்தால் ஈ எங்கே குடியிருக்கும்?" என்று கேட்டார். கோகோவுக்குத் தேனீ உதவாதாம். மட்கும் சருகிலும் அழுகும் வாழைத்தண்டிலும் வளர்கிற, கொசுவைவிடச் சின்னதான ஒரு ஈதான் மகரந்தம் சுமக்குமாம். சரி என்று சருகை அள்ளாமல் விட்டேன். வாழைத்தண்டை வெட்டி மரத்தடியில் போட்டேன். ஈ வந்தது. காய் வரவில்லை.

விடை கிணற்றடியில் இருந்தது. என் மாமனார் எப்போதோ பொள்ளாச்சிப் பக்கமிருந்து கொண்டுவந்த காயின் விதையில் முளைத்த கிழட்டு மரம் ஒன்று அங்கே நிற்கிறது. அதை ஒட்டிய இரண்டு வரிசையில் மட்டும் காய் தொங்குவதை என் மனைவிதான் முதலில் கவனித்தார்.

மறுநாள் விடியலில் மகளிடம் புருவம் திருத்தும் இடுக்கியை வாங்கிக்கொண்டு போனேன். கோகோ பூவில் மகரந்தப்பை வெளியே தெரியாது. ஒவ்வொரு இதழின் அடியிலும் இருக்கிற சின்னக் குல்லாய்க்குள் ஒளிந்திருக்கும். கிழட்டு மரத்துப் பூவிலிருந்து அதை உருவினேன். ஒட்டுமரத்துப் பூவின் நடுவில் வேலி மாதிரி நிற்கும் ஐந்து கருஞ்சிவப்புக் கம்பிகளை ஒடித்துவிட்டு, உள்ளே இருக்கும் சூல்தண்டில் தேய்த்தேன். முப்பது பூவுக்கு இப்படிச் செய்து வெள்ளை நூல் கட்டினேன். இன்னொரு முப்பது பூவுக்குப் பக்கத்து ஒட்டுமரத்தின் மகரந்தம், சிவப்பு நூல். முதுகு ஒடிந்துவிட்டது. ஐந்தாம் நாள் போனால், சிவப்பு நூலில் ஒன்றுகூட இல்லை. வெள்ளை நூலில் பதினொரு பிஞ்சு.

இருநூறு கன்றும் ஒரே தாய்மரத்துக் குச்சியை ஒட்டி எடுத்தவை. எண்ணிக்கைக்குத்தான் இருநூறு, மகரந்தத்துக்கு ஒரே மரம். அந்தத் தாய்மரமோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத வகை. எங்கள் பக்கம் அக்கா மகளையும் மாமன் மகளையும் தேடிக் கட்டுவோம். இந்த மரம் அதற்கு நேர் எதிர்.

இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லையே என்பதுதான் என் வருத்தம். டிரினிடாடில் பவுண்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1930களிலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். கலப்பின விதை எடுக்க நீங்களே இந்தக் குணத்தைத்தானே நம்புகிறீர்கள்? தன் மகரந்தத்தை ஏற்காத குளோன்களை, அதாவது ஒவ்வொரு தாய்மரத்திலிருந்தும் ஒட்டி எடுத்த கன்றுகளை, கலந்து நட்டுவிட்டால், மகரந்தப்பையைக் கிள்ளிப் போடும் வேலையே இல்லாமல், விளைகிற காயெல்லாம் கலப்பினம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெள்ளானிக்கரையில் விதைத்தோட்டம் போட்டது இந்த வழியில்தான். அந்த அறிவு விதைத்தோட்டத்து வேலியைத் தாண்டி எங்கள் வரப்புக்கு வரவில்லை.

ஆகவே, நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு குளோனும் தனக்குத் தானே காய்க்குமா, எதனோடு சேர்த்து நட்டால் காய்க்கும் என்பதைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். கன்றுக்குக் கன்று தாய்மரத்தின் பெயர் தொங்க வேண்டும். நான்கைந்து குளோன்களைக் கலந்துதான் விற்க வேண்டும் என்று நாற்றங்கால்காரர்களுக்குச் சொல்லுங்கள். அரை ஏக்கர்காரருக்கும் சேர்த்துத்தான். ஈக்வடாரில் பரவிய சிசிஎன் 51 தன்னந்தனியாக நின்றாலும் காய்க்கிற வகை. ருசி பற்றி அதன்மேல் குறை சொல்கிறார்கள், அது வேறு கதை. அந்தக் குணத்தை நம் ரகங்களிலும் தேடலாம் அல்லவா?

இன்னொன்று. கர்நாடகத்து விட்டல் ஆராய்ச்சி நிலையத்திலும் வெள்ளானிக்கரையிலும் தேர்ந்தெடுத்த மரம் மேற்குக் கரை மழையில் வளர்ந்தது. அந்த மழையில் பாதிகூட எங்களுக்கு இல்லை. சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது சொட்டுநீர் ஓடிக்கொண்டிருந்தாலும் கொழுந்து கருகுகிறது. பெரியகுளத்தில் பிகேஎம் 1 முருங்கையை உருவாக்கியவர்கள் தூத்துக்குடிப் பக்கத்து எப்போதும்வென்றான் ஊரின் கரிசல் பூமியிலிருந்துதானே அதைத் தேர்ந்தெடுத்தார்கள்? கோகோவுக்கும் எங்கள் பக்கத்துத் தோப்புகளில் தேடுங்கள். விதையில் முளைத்த கோகோ ஒன்றைப் போல ஒன்று இருக்காது. எங்கோ ஒன்று இந்த வெயிலைப் பழகியிருக்கும். நோய் தாங்கும் மரம் தேடி அந்தப் பவுண்டே 1937இல் மேல் அமேசான் காடுவரை போனார். சோழவந்தானுக்கு மதுரையிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது.

கிணற்றடி மரம் போன சித்திரையிலும் கொழுந்து கருகாமல் நின்றது. அணில் கடித்தது போக நாற்பது காய்க்கு மேல் தந்தது. இப்போது அதன் குச்சியை எடுத்து, ஐந்துக்கு ஒரு ஒட்டுமரத்தில் மாற்று ஒட்டு கட்டி வருகிறேன். பாதிதான் பிடிக்கிறது, கை இன்னும் பழகவில்லை. கோகோ விதையைக் காயவைத்துச் சேமித்து வைக்கவும் முடியாது, காய்ந்தால் முளைப்பு செத்துவிடும். மரம் நின்றால்தான் ரகம் நிற்கும். மோட்டார் அறையைப் பெரிதாக்க அந்த மரத்தை வெட்டச் சொல்லி மூன்று வருடமாக மைத்துனர் கேட்கிறார், நான் தட்டிக் கழித்து வருகிறேன்.

குச்சி எடுக்க வருவதானால் காலை எட்டு மணிக்குள் வாருங்கள். ஈரச் சாக்கு நான் தருகிறேன். வெயில் ஏறிவிட்டால் குச்சி வாடிவிடும்.

இப்படிக்கு,
சோழவந்தான் தோப்புக்காரன் ஒருவன்