முதல் வாரம் மருந்துப் பெட்டி மூடியே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறை நெருங்கினால் சபைகளும் கோயில் சங்கங்களும் வெளிநாட்டுத் தொண்டர்களை இலங்கைத் தேயிலைத் தோட்டப்புறச் சிறுவர் கிளினிக்குகளுக்கு அழைத்து வருகின்றன. கடவுளுக்குச் செய்யும் பணி என்று நம்பி, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வரும் இளையோரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. வந்திறங்கிய மறுநாளே அவர்கள் கையில் சிரப் போத்தலைக் கொடுத்து உட்கார வைக்கிறார்களே, அந்த ஏற்பாட்டாளர்களுக்குத்தான் இந்தக் கடிதம். புதியவர்களுக்கு முதல் வாரம் தராசும், பிள்ளையின் எடையையும் கொடுத்த மருந்தையும் எழுதும் கிளினிக் கொப்பியும் போதும்.

தராசு சின்ன வேலை இல்லை. பிள்ளை மடுவத்து (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) உத்தரத்தில் தொங்கவிடும் 25 கிலோ தராசில் ஒரு கோடு 100 கிராம். அதன் முகப்பு நிறுப்பவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பிள்ளையை வைக்கும் காற்சட்டையை வெறுமையாக மாட்டி, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகே நிறுக்கத் தொடங்க வேண்டும். பிள்ளையின் கால் தரையில் பட்டாலோ, தாய் பயத்தில் தாங்கிப் பிடித்தாலோ எடை பொய்த்துவிடும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் நம் குளிர். கம்பளிச் சட்டை, தொப்பி, காலுறை, நனைந்த நெப்பி எல்லாம் சேர்ந்தால் 400 கிராம் தாராளமாக வரும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மாதம் கூடுவதே ஏறக்குறைய 200 கிராம்தான். அதாவது, மெலிந்துகொண்டிருக்கும் பிள்ளை கம்பளிக்குள் கொழுத்துத் தெரியும். கதவைச் சாத்தி, உடுப்பைக் கழற்றி, நிறுத்த உடனே போர்த்திவிட வேண்டும். சளி பிடிக்கும் என்று தாய் மறுத்தால், அந்த உடுப்பைத் தனியே நிறுத்துக் கழிக்கலாம்.

மூச்சு எண்ணுவதையும் முதல் வாரத்திலேயே பழக்கலாம். பிள்ளை தாயின் மடியில் அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கி, முழுதாக 1 நிமிடம் பார்க்க வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது. கைப்பிள்ளையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50க்கும், அதற்கு மேல் 5 வயது வரை 40க்கும் எட்டினால் வேகமூச்சு. நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்காமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழையுங்கள். தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு அம்புலன்ஸ் ஏறாத பாதை என்றால், கீழே கொண்டுவர எந்த வாகனம் என்பதைக் காலையிலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

இனி நீங்கள் கொண்டுவரும் அந்த மருந்துப் பெட்டி. இங்கே வழக்கமான பரசிட்டமோல் சிரப் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம். அமெரிக்கச் சிரப் 160. பிரித்தானியாவில் 6 வயதுக்கு மேற்பட்டோருக்கான போத்தல் 250. இந்தியத் துளிமருந்தோ 1 மில்லிலீற்றரிலேயே 100. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பார்த்தால் 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150. நம் சிரப்பில் அது 6 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். அந்த அளவுக்குப் பழகிய தாய் லண்டன் போத்தலில் 6 ஊற்றினால் இரண்டு மடங்கு, துளிமருந்தில் ஊற்றினால் நான்கு மடங்கு. ஈரலைக் கெடுக்கும் தவறு இது. ஆகவே உள்ளூர்ச் சிரப் மட்டும் கொடுங்கள். கூடவே ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சும் கொடுத்து, தாய் ஒரு முறை இழுத்துக் காட்டிய பிறகு அனுப்புங்கள். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை.

ஜீவனி என்னும் உப்புச் சீனிக் கரைசல் தூள் விஷயமும் இப்படித்தான். ஒரு பக்கெட் 1 லீற்றர் கொதித்தாறிய நீருக்கு. வயிற்றால் போகும் பிள்ளைக்குப் பாதியைக் கோப்பையில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிஞ்சி நிலைமை மோசமாகும்.

பூச்சி மாத்திரை, விட்டமின் ஏ இரண்டையும் கொப்பியைப் பார்க்காமல் தொடவே கூடாது. கொப்பி ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு றோஸ். எதற்காகவென்றாலும் தாய் அதைக் கொண்டுவருவார். மருத்துவ மாது போன வாரம் கொடுத்ததை முகாமில் இன்னொரு முறை கொடுப்பதும், கொடுத்ததை எழுதாமல் போவதும் நடக்கின்றன. எழுதாமல் போவதால் அடுத்த ஆறு மாதக் கணக்கே குழம்புகிறது.

பால்மா டின்னும் சூப்பிப் போத்தலும் அன்பளிப்பாக வேண்டாம். தாய்ப்பால் மாற்றீடுகளுக்கான விதிமுறைகள் இந்நாட்டில் 1983 முதலே உள்ளன. அரசு தரும் சத்துமாவான திரிபோஷா 750 கிராம் பக்கெட் இரண்டு, நாளுக்கு 50 கிராமாக ஒரு பிள்ளைக்கு ஒரு மாதக் கணக்கு. லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் குடியிருப்பு அறை) மூன்று பிள்ளைகள் இருந்தால் பத்து நாளில் முடியும். அதற்காகத் தாயைத் திட்டும் தொண்டர்கள் மறுமுறை வராமலிருப்பதே நல்லது.

ஜெபமும் பூஜையும் கிளினிக் தொடங்குமுன் உங்களுக்குள் நடக்கட்டும். வரிசையில் நிற்கும் தாயைக் கண்ணை மூடச் சொன்னால் மூடத்தான் செய்வார். மூடாவிட்டால் மருந்து கிடைக்காதோ என்ற பயத்தில். நேரமும் முக்கியம்: காலை 10 மணிக்குக் கூப்பிட்டால் அவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். கொழுந்து நிறுத்த பிறகு, மாலையில் வையுங்கள்.

வைத்தியர்கள் வருவதானால் இலங்கை மருத்துவச் சபையின் தற்காலிகப் பதிவும், பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியின் எழுத்து அனுமதியும் டிக்கெட் எடுக்குமுன்பே கையில் இருக்க வேண்டும்.

தோட்டச் சுகாதாரப் பணியாளர் சிலர்,
மஸ்கெலியா.