பெரியநாயகியை இளைக்க வைக்காதீர்கள்

மாத நாவல் போடும் பதிப்பாசிரியர்களுக்கும், அதில் காதல் கதை, குடும்பக் கதை எழுதும் அக்கா தங்கைகளுக்கும், கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தையல்காரியின் வணக்கம்.

நான் உங்களுக்கு முன்பின் தெரியாதவள், ஆனால் நீங்கள் எனக்கு ரொம்ப வேண்டியவர்கள். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கவிட்டு விற்ற காலத்திலிருந்து உங்கள் புத்தகங்களை வாங்கிக்கொண்டிருக்கிறேன். கடையில் மெஷினுக்குப் பக்கத்தில், நூல்கண்டு டப்பா மேல் எப்போதும் நாலைந்து கிடக்கும். துணி கொடுக்க வருகிற பெண்கள் எடுத்துப்போவார்கள், பாதி திரும்பி வரும், பாதி வராது. அந்தக் கணக்கை நான் பார்ப்பதில்லை.

இந்த மடல் எதற்கு என்று உங்களுக்கே தெரியும். தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன், ஏனென்றால் ஏதோ ஒரு புத்தகத்தில் மட்டும் நடந்த விஷயம் இல்லை இது. குண்டான பெண்ணை நாயகியாக வைத்து இப்போது சிலர் எழுதுகிறீர்கள், அதற்கு முதலில் நன்றி, முன்னெல்லாம் அதுவும் கிடையாது. இருபது அத்தியாயம் அவள் அப்படியே இருக்கிறாள். ஆபீஸ் போகிறாள், சண்டை போடுகிறாள், நம் வீட்டுப் பெண் மாதிரி சிரிக்கிறாள். இருபத்தோராவது அத்தியாயத்தில் ‘ஆறு மாதங்களுக்குப் பிறகு’ என்று ஒரு வரி வரும். வந்துவிட்டால் போச்சு. அந்த ஆறு மாதத்தில் அவள் 22 கிலோ இளைத்து, சிவப்புச் சேலை கட்டி, மாடிப்படியில் இறங்கி வருவாள், நாயகன் கையில் இருக்கிற காபி டம்ளரைக் கீழே போடுவான். இருபது அத்தியாயமாக அந்த டம்ளரை அவன் கெட்டியாகத்தானே பிடித்துக்கொண்டிருந்தான்?

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். கடைசி அத்தியாயத்தில் அவளை இளைக்க வைக்காதீர்கள்.

இதற்குப் போய் ஒரு மடலா என்று கேட்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் என்னிடம் மூன்று வருஷமாகத் தைக்கிறாள். கல்லூரி முடித்து இப்போது புதுச்சேரியில் வேலை, தினமும் ஆரியாங்குப்பம் வழியாகப் பஸ்ஸில் போய்வருகிறவள். மார்பளவு 44, கைச்சுற்று 16. அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள், நானும் ‘மூச்ச விடு கண்ணு, டேப்பு ஒண்ணும் சொல்லாது’ என்பேன், சிரித்துவிட்டு விடுவாள். அவளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறார்கள். பையன் வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லி, தினமும் ராத்திரி போனில் பேசுகிறான். பட்டுச்சேலையைக் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அப்போதுதான், புத்தி கெட்டுப்போய், நானே உங்கள் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ‘உன்னை மாதிரியே ஒரு பொண்ணு கதை, நல்லா இருக்கு’ என்றேன். நான் அப்போது பதினாறாவது அத்தியாயம் வரைக்கும்தான் படித்திருந்தேன்.

நாலு நாள் கழித்து வந்தாள். புத்தகத்தை டப்பா மேல் வைத்தாள். ‘அக்கா, ஜாக்கெட் நாலு இஞ்ச் குறைச்சுத் தைச்சிடுங்க, நாப்பது வைங்க’ என்றாள். ஏன்டி என்றேன். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாளாம். ‘அவர்தான் இப்படியே பிடிச்சிருக்குன்னு சொன்னாரே?’ என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் யாரும் எழுதாத வசனம்: ‘இப்ப சும்மா சொல்றாருக்கா. இளைச்சாத்தான நெஜமாப் பிடிக்கும்.’

ஒரு பையன் வாய் திறந்து சொன்னதை, ஊர் பேர் தெரியாத ஒரு நாயகன் டம்ளரைப் போட்டு உடைத்து இல்லையென்று ஆக்கிவிட்டான். நீங்கள் எழுதும்போது இப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். அதனால்தான் திட்டாமல் மரியாதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜாக்கெட்டை நாற்பதுக்குத் தைத்தேன், வேறு என்ன செய்ய. ஆனால் உள்ளே துணியை வெட்டவில்லை. பக்கத்துத் தையலை மூன்று வரிசையாகப் போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றாகப் பிரித்தால் 44 வரைக்கும் போகும். எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம், இளைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். பதினெட்டு வருஷமாகத் தைக்கிறேன். அந்தத் தையலைப் பிரித்துக் கொடுத்த தடவைகள் கணக்கில் இல்லை. இளைத்து வந்து இன்னும் பிடிக்கச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை உங்களில் யாராவது எங்களிடம் கேட்டிருந்தால் ஆறு மாதத்தில் 22 கிலோ என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

கேட்டிருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். சேலையோடு வருகிற ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். இந்த அளவுக்கு அது போதாது, முழங்கை வரைக்கும் கை வேண்டுமென்றால் சத்தியமாகப் போதாது. கையில் ஒட்டுப் போட வேண்டும், இல்லை முதுகில் வேறு துணி சேர்க்க வேண்டும், அந்த ஒட்டு வெளியே தெரியாமல் பார்டரை வைத்து மறைப்பது ஒரு வித்தை. உங்கள் நாயகி இத்தனை குண்டு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், அவளுக்கு ஒரு தடவைகூட ஜாக்கெட் துணி பற்றாமல் போனதில்லை. அவள் தொடை உரசிப் புண்ணாகி மே மாத வெயிலில் பவுடர் போட்டுக்கொண்டதில்லை. மூன்று பேர் சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து, ‘கொஞ்சம் தள்ளும்மா’ என்று கண்டக்டர் சொல்லும்போது எங்கே தள்ளுவது என்று தெரியாமல் பாதி உடம்பை வெளியில் விட்டு ரெட்டிச்சாவடி வரைக்கும் வந்ததில்லை. அவள் செய்வதெல்லாம் ஒன்று, சமோசா சாப்பிடுவது. இரண்டு, கண்ணாடி முன் அழுவது.

சரி, ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நல்ல மாதிரிதான் பேசினார். ‘வாசகிங்க தங்களை ஹீரோயின் இடத்துல வெச்சுப் பாப்பாங்கம்மா, அதனால கடைசில ஸ்லிம் ஆக்கிடறோம், அதான் அவங்களுக்குத் திருப்தி’ என்றார். நான்தான் சார் வாசகி, 88 கிலோ வாசகி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ‘எடிட்டர்கிட்ட சொல்றேம்மா’ என்றார். சொன்னாரா என்று தெரியவில்லை, அதனால் எடிட்டர் ஐயாவுக்கு இதிலேயே சொல்லிவிடுகிறேன். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. அதன் கணக்கில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். பக்கத்துப் புதுச்சேரியில் நூற்றுக்கு 46 பேர். உங்கள் புத்தகத்தை வாங்கிப் படிக்கிற வயதும் அதுதானே ஐயா? கிட்டத்தட்டப் பாதிப் பேர் நாங்கள். மீதிப் பேரும் எங்கள் அக்கா தங்கைகள்தான், வேற்று நாட்டிலிருந்து வந்தவர்கள் இல்லை.

உடம்பு நலம் என்று ஒன்று இருக்கிறதே என்று உடனே சொல்வீர்கள். இருக்கிறது. சுகர், தைராய்டு, நீர்க்கட்டி எல்லாம் எங்களுக்குத் தெரியும், டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார், மாமியார் சொல்கிறார், ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிற பாட்டிகூடச் சொல்கிறார். சில்வர் பீச்சில் காலையில் நடப்பவர்களில் நானும் ஒருத்தி. காதல் கதையிலும் வந்து அதையே சொல்ல வேண்டுமா? நாயகனுக்கு பிளட் பிரஷர் பார்த்துவிட்டா அவனைக் காதலிக்க விடுகிறீர்கள்?

அவன் சிகரெட்டாக ஊதித் தள்ளுகிறான், கோபம் வந்தால் கண்ணாடியை உடைக்கிறான், நாயகியை அறைகிறவன்கூட உண்டு. அவனெல்லாம் காதலால் திருந்தலாம், அவளுக்கு மட்டும் டயட் சார்ட். அப்புறம் அந்தப் பூப்போலத் தூக்குவது. ஆறடி, திரண்ட தோள், அவளைப் பூப்போல அள்ளித் தூக்கினான் என்று எழுதாவிட்டால் உங்களுக்குச் சம்பளம் பிடிப்பார்களா என்ன? எங்களைத் தூக்க வேண்டாம் தாயே, கையில் இருக்கிற பையைத் தூக்கினால் போதும்.

என் புதுச்சேரித் தங்கையின் மகள் இங்கிலீஷில் போனிலேயே காதல் கதையாகப் படித்துத் தள்ளுகிறாள். அங்கே ‘ப்ளஸ் சைஸ்’ நாயகிக் கதைகள் என்றே தனியாக வருகிறதாம், விரும்பித் தேடிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். ஒன்றிரண்டை எனக்குக் கதையாகச் சொன்னாள். ஒன்றில் நாயகி கேக் கடை வைத்திருக்கிறாள், கடைசிப் பக்கத்திலும் அதே அளவு கவுன்தான், கல்யாணமும் ஆகிறது, வானம் இடிந்து விழவில்லை. அங்கேயும் இளைக்க வைக்கிற கதைகள் இருக்கின்றனவாம், ஆனால் வாசகிகள் சும்மா விடுவதில்லை, கிழித்துத் தோரணம் கட்டிவிடுகிறார்கள் என்கிறாள். அந்தத் தைரியத்தில்தான் நான் பேனாவை எடுத்தேன்.

நம் பழைய புலவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. நூலிடை, கொடியிடை, துடியிடை, மின்னலிடை என்று இடுப்பை இழைத்து இழைத்து, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சரி, அவர்கள் காலம் அது. எலும்பும் தோலுமாக ஒரு பெண் நம் பக்கத்தில் கும்பிடப்படுகிறார் என்றால் அது காரைக்கால் அம்மையார். அவர்கூட, கணவன் விட்டு விலகிய பிறகு, இந்த அழகுச் சதை இனி யாருக்காக என்று உதறிவிட்டுப் பேயுரு வாங்கினார். கணவனுக்குப் பிடிக்கவேண்டும் என்று உதறவில்லை! அப்புறம் எங்கள் ஊர் பாடலீசுவரர் கோயில் அம்மன் பெயர் என்ன தெரியுமா? பெரியநாயகி. தினமும் மாலையில் கடை சாத்திவிட்டுப் போகும்போது கும்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். அவளை இளைக்கச் சொல்லி இதுவரை யாரும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்கவந்தது ஒன்றுதான், அவளை இளைக்க வைக்காதீர்கள்.

அப்படி எழுதினால் கதையில் திருப்பம் எங்கே என்று ஒரு எழுத்தாளர் அக்கா நினைக்கலாம். என் கதையைச் சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 27 வயசு, எடை 86. மெஷின் ரிப்பேருக்கு ஒருத்தர் வந்தார், முதுநகரிலிருந்து சைக்கிளில். முதல் தடவை பாபின் கேஸ் மாட்டிக்கொண்டது, சரி செய்தார். இரண்டாவது தடவை பெல்ட் அறுந்தது, மாற்றினார். மூன்றாவது தடவை மெஷினுக்கு ஒன்றுமே இல்லை. நானும் வரச்சொல்லவில்லை. வந்தார், மேல் மூடியைக் கழற்றினார், அரைமணி நேரம் எண்ணெய் போட்டார், போட்ட இடத்திலேயே திரும்பவும் போட்டார். ‘எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்டேன். ‘எண்ணெய்க்கெல்லாம் காசு வாங்கறதில்லைங்க’ என்றார், காது வரைக்கும் சிவந்துபோய். பதின்மூன்று வருஷம் ஆகிறது. இடையில் நான் இரண்டு கிலோ கூடியிருக்கிறேன், எந்த டம்ளரும் உடையவில்லை.

இதில் காதல் இல்லையா? இருபத்தோராவது அத்தியாயத்துக்கு இது பற்றாதா?

மேலட்டையையும் ஒரு வார்த்தை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே 90 கிலோ, அட்டையில் கொடியிடைப் படம். வாங்கும்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

அந்தப் பெண் வருகிற வியாழக்கிழமை ஜாக்கெட் வாங்க வருகிறாள். போட்டுப் பார்ப்பாள், கொக்கி மாட்டாது. நான் முதல் தையலைப் பிரிப்பேன், அப்புறம் இரண்டாவதைப் பிரிப்பேன், மூன்றாவதையும் பிரிக்க வேண்டியிருக்கும், பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷம் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கையில் ஏதாவது புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள். உங்கள் எவரிடமாவது கடைசிப் பக்கம் வரைக்கும் அதே அளவில் இருக்கிற நாயகி ஒருத்தி இருந்தால், தயவுசெய்து புத்தகத்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.