எங்கள் மகளுக்காகப் பாலைத் துறந்தவர்களுக்கு

அன்புடையீர்,

பசுப்பால் ஒவ்வாமல் இருந்த, ஒரு வயது நிறைந்த எங்கள் மகள் சென்ற கிழமை, வைத்தியரின் சொற்படி, ஒரு கரண்டி தயிர்ச்சோறு உண்டாள். அடுத்த நாள்களில் மலத்தில் சளியோ இரத்தமோ தென்படவில்லை. அந்த ஒரு கரண்டியை எட்டப் பத்து மாதங்களுக்கு மேல் சென்றன. அவ்வளவு காலமும் எங்களோடு நின்றவர்களுக்கே இம்மடல்.

பிறந்து ஆறாம் கிழமையில், நன்றாகப் பால் குடித்து எடையும் கூடிவந்த பிள்ளையின் துணியில் இரத்த இழைகளைக் கண்டு நாங்கள் நடுங்கினோம். "தாய்ப்பாலில் சூடு, நிறுத்திவிட்டு மாப்பால் கொடு" என்றார் உறவினர் ஒருவர். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் அன்றே வீடு தேடி வந்து, வளர்ச்சிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தவேண்டாம் என்று உறுதியாகச் சொல்லி, எங்களை வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தார். அவருக்கே என் முதல் நன்றி.

குழந்தைநல வைத்திய நிபுணர், ஆசனவாய் வெடிப்போ கிருமித்தொற்றோ இல்லை என்று உறுதிசெய்த பின்னர், நான் உண்ணும் பசுப்பாலின் புரதம் சிறிதளவு தாய்ப்பாலில் கலந்து சென்று சில குழந்தைகளின் பெருங்குடலில் அழற்சியை உண்டாக்கும் என்றும், சாதாரண மாப்பாலும் பசுப்பாலிலிருந்தே செய்யப்படுவதால் அதனால் பயனில்லை என்றும் பொறுமையாக விளக்கினார். அயல்வீட்டு அக்கா அன்போடு கொண்டுவந்த ஆட்டுப்பாலையும், புரதங்கள் பெரிதும் ஒத்திருப்பதால், திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அவர் அதைக் குறையாக எடுக்கவில்லை. நான் பசுப்பாலை விட்ட நான்காம் நாள் பிள்ளைக்கு இரத்தம் நின்றது. சில கிழமைகளின் பின், நோயை உறுதிப்படுத்துவதற்காக வைத்தியர் கேட்டபடி மீண்டும் பால் குடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் இரத்தம் திரும்பியது. நான் அழுதேன், அவரோ காரணம் தெளிவாகிவிட்டது என்று ஆறுதல் சொன்னார்.

எல்லாரிலும் அதிகம் கடமைப்பட்டிருப்பது என் மாமிக்கே. விடியற்காலைப் பால்தேத்தண்ணி இல்லாமல் கண் விழியாத அவர், என் கண்முன் குடிக்க மனமின்றி, எனக்கு ஊற்றிய வெறுந்தேத்தண்ணியையே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தாமும் குடித்தார். நெய்ப்போத்தல் வீட்டைவிட்டுப் போனது. "தேங்காய்ப்பாலும் பால்தானே?" என்று முதல்நாள் அவர் கேட்டதை நினைத்து இன்றும் சிரிக்கிறோம். அது ஆகும் என்று தெரிந்ததும் சொதி மீண்டும் அடுப்பேறியது. எனக்குக் கல்சியம் குறையக்கூடாது என்று வைத்தியர் தந்த மாத்திரைகளோடு, குரக்கன் புட்டும் எள்ளுருண்டையும் நெத்தலிக் குழம்பும் மாறிமாறி வந்தன.

எந்தப் பணிஸில் பால்மா சேர்கிறது, எதில் சேர்வதில்லை என்று ஒளிக்காமல் சொன்ன வெதுப்பகத்துத் தம்பிக்கும், பிறந்தநாள் கேக்கை எனக்கு நீட்டாமல் வாழைப்பழம் உரித்துத் தந்த அலுவலகத் தோழியருக்கும் என் நன்றிகள்.

இன்று காலை மாமிக்குப் பால்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி போதாது என்றார்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
குழந்தையின் தாய்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.