அம்மாவின் அறைக்கு மூன்று விட்டம்

மதுரை
2025 நவம்பர்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நம்ம திண்ணையில தவழ்ந்த பிள்ளை" என்று அன்று முழுக்க அதே பேச்சுதான் அவளுக்கு.

வீட்டை இடித்துவிட்டு நாலு அடுக்காகக் கட்டு, சிமெண்டுக்கு வரியும் குறைந்துவிட்டதே என்று எழுதியிருந்தாய். செப்டம்பரில் 28 சதவீதம் 18 ஆனது உண்மைதான். ஆனால் மராமத்தில் சிமெண்டைவிடக் கூலிக்குத்தான் அதிகம் போகிறது. தவிர, மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் எழுப்ப முடியாது. நம் சந்து அதற்குள்தான் வருகிறது. முடிந்தாலும் நான் இடிக்க மாட்டேன். தாத்தா கட்டிய வீடு, சுவர் இன்னும் கல்லு மாதிரி நிற்கிறது.

கெட்டுப்போனது மேல்தளம்தான். ஐப்பசி மழையில் அம்மாவின் அறையில் ஒழுகியது. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு வயதான மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். ஸ்டூலில் ஏறி, கரண்டிப் பிடியால் மச்சை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியாகக் கேட்ட சத்தம், அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே வந்ததும் 'பொத் பொத்' என்று மாறியது. மச்சைத் தாங்கும் மர விட்டம் சுவருக்குள் போகும் இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அவித்த பனங்கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. மாவு கொட்டியது. இப்படி மூன்று விட்டம். அன்று ராத்திரியே கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். எத்தனை வருஷம் அதன் கீழே படுத்திருந்தாள் என்று நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் பிறகு. கண்ணுக்குத் தெரியாத வேலைக்கே முதல் பணம் என்று முடிவு செய்துவிட்டேன். கையில் இருப்பது 8 லட்சம். பாதிக்கு மேல் டெபாசிட், மிச்சம் சீட்டுப் பணம். நகையைத் தொடப் போவதில்லை. மேல்தளத்துக்கு 2,60,000. வயரிங்குக்கு 1,10,000. இப்போதிருப்பது மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயர், எர்த்தே கிடையாது. லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் என்று புதிதாக இழுக்கிறோம். குழாயும் அம்மாவுக்கான பாத்ரூமும் 1,70,000. அதில் வாசல்படி கிடையாது, கதவு மூன்றடி அகலம், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி. பூச்சுக்கும் வெள்ளைக்கும் 1,40,000. மீதி 1,20,000-ஐத் தனிக் கணக்கில் போட்டுவிட்டேன். பழைய வீட்டைப் பிரித்தால் என்ன வரும் என்று மேஸ்திரிக்கே தெரியாதே. இடித்த ரப்பிஷை அள்ளச் சந்துக்குள் லாரி வராது, குட்டியானைதான். எத்தனை நடை என்று இப்போதே எப்படிச் சொல்வது?

2019-ல் சமையல்கட்டில் பட்டது நினைவிருக்கிறதா? ஒரு காண்ட்ராக்டரிடம் முக்கால்வாசிப் பணத்தை முதலிலேயே கொடுத்தேன். அவர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். நாற்பது நாள் வராந்தாவில்தான் சமையல். பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் அவர் பூசிய சிமெண்ட், இரண்டு மழைக்குள் உப்புப் பூத்துப் பொரிந்து விழுந்தது. உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்துவிட்டார். இந்த முறை பூச்சும் சுண்ணாம்புதான். பிரிக்கிற வேலை தினக்கூலி. அளந்து பார்க்க முடிந்த வேலைக்கு மட்டும் காண்ட்ராக்ட், அதுவும் முடித்த அளவுக்குத்தான் பணம்.

தை பிறந்ததும் மேல்தளத்தில் பதித்த தட்டோட்டைப் பிரிக்கிறோம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் மாசி வீதிகளில் லோடு இறக்க முடியாது, ஆளும் வர மாட்டார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து, செங்கல் ஜல்லியோடு போட்டு அடிக்கப் போகிறார்கள். அது அவசரத்துக்கு இறுகாது, நாள் எடுக்கும்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். காரைக்குடியில் பழைய மரக் கடைகள் உன் வீட்டுப் பக்கம்தானே. தேக்கு விட்டம் மூன்று வேண்டும். அறை பத்தடி, இருபக்கமும் சுவருக்குள் ஓரடி, ஆக 12 அடி நீளம். கனம் 4-க்கு 6 அங்குலம். நடுவில் துளையோ வெடிப்போ இருந்தால் வேண்டாம். இரண்டு முனையிலும் ஆணியால் குத்திப் பார்த்துவிட்டு விலை கேள். மார்கழிக்குள் எழுது, நானே வண்டி பிடித்து வருகிறேன்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி