நடந்து பார்த்தால்தான் தெரிகிறது

ஆசிரியருக்கு,

ரொறன்ரோவில் இருந்து வந்த என் தங்கையின் மகளை வழக்கம்போல வான் வண்டியில் ஏற்றி யாழ்ப்பாணத்தில் நல்லூர், நூலகம், கோட்டை என்று அரை நாளில் காட்டி முடித்துவிட்டேன். இரவு சாப்பிடும்போது, "மாமா, நாளைக்கு நடந்து போவமே?" என்றாள். சரி என்று விடிய 6 மணிக்கே கிளம்பினோம், அப்படியே 3 நாள் காலையிலும் நடந்தோம்.

கோட்டை மதிலில் முருகைக்கல்லைக் கையால் தடவிப் பார்த்தாள். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658க்குப் பிறகு ஒல்லாந்தர் ஐங்கோணமாகப் பெருப்பித்த கோட்டை அது. அங்கிருந்து குருநகர்ப் பக்கம் போனால் வலை, மீன், தேவாலய மணி என்று ஊரே மாறிவிடுகிறது. அடுத்த நாள் முஸ்லிம் மக்களின் சோனகத்தெரு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் அந்தச் சனத்தைச் சில மணி நேரத்தில் வெளியேறச் சொன்னதை நான் அவளுக்கு அங்கே வைத்துத்தான் சொன்னேன். ஒரு வீட்டில் கூரை இல்லை, அறைக்குள் மரம் வளர்ந்து நிற்கிறது, பக்கத்து வீட்டில் திரும்பி வந்த குடும்பம் புதுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது. அவள் அந்தத் தெருவில் கனநேரம் பேசவேயில்லை. வானில் போயிருந்தால் அரை நிமிடத்தில் கடந்திருப்போம். கொஞ்ச நேர நடையில் வண்ணார்பண்ணை, வைத்தீஸ்வரன் கோயில், ஆறுமுக நாவலர் 1848இல் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை, அப்புறம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள்.

மூன்றாம் நாள் நல்லூரில் யமுனா ஏரியைத் தேடினோம். 'ப' எழுத்து வடிவில் வெட்டிய கேணி, அரசர் காலத்தது என்று சொல்லப்படுவது. ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை, படலையடியில் நின்ற ஒரு அம்மாதான் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

இவ்வளவும் கால்நடையாகப் போகக்கூடிய தூரம்தான், ஆனால் நடக்க இடம் எங்கே? நடைபாதையில் மோட்டார் சைக்கிள், மிச்ச இடத்தில் கடைச் சாமான். இறங்கி வீதியில் நடந்தால் பின்னால் கோன் அடிக்கிறார்கள். ஓரிடத்தில் வாய்க்கால் மூடி இல்லாததால் பிள்ளை கால் முறிக்கப் பார்த்தாள். ஒன்பது மணிக்குப் பிறகு ஒதுங்க நிழலும் இல்லை, நின்ற மரங்களையும் வீதி அகலிக்கிறோம் என்று வெட்டிவிட்டோம்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றி வாகனங்களை மறித்து, குழந்தை குட்டிகளோடு சனத்தை நிம்மதியாக நடக்க விடுகிறோம்தானே? அப்படி ஞாயிறு காலை 9 மணி வரைக்குமாவது கஸ்தூரியார் வீதியை நடப்பவர்களுக்கு விடலாம். வாய்க்காலுக்கு மூடி, ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை, ஓரத்தில் வேம்பு. மாநகரசபை இந்த மூன்றையும் முதலில் செய்யட்டும். மார்கழியில் பிள்ளை திரும்பவும் வருகிறாள், இந்த முறை தாயையும் கூட்டிக்கொண்டு. என் தங்கைக்கு முழங்கால் வருத்தம், இப்போதிருக்கிற வீதியில் அவளால் கோட்டையிலிருந்து குருநகர் வரைகூட நடக்க முடியாது.

வாசகர் ஒருவர்,
கொழும்புத்துறை