விலை தெரியாமல் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள்

மாகாணக் கல்வித் துறையின் நிதி, கொள்முதல் பிரிவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு அரசுப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருக்கிறேன். நிதிக் குழு வேலையும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது. நம் பகுதிப் பள்ளிக் குழுக்களில் இருப்பவர்களும், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெரியவர்களும் படித்துப் பேச வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். ஒரு பள்ளிக்காக நீங்கள் என்ன வாங்குகிறீர்கள், யாரிடம் வாங்குகிறீர்கள், என்ன விலைக்கு, எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்பதை அந்தப் பள்ளிக்கே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பொருள் வருவதற்கு முன்பே கொடுங்கள். சப்ளையருக்குப் பணம் எப்போது போனது என்பதையும் அப்புறம் அதில் சேர்த்து வெளியிடுங்கள்.

பள்ளியில் நாங்கள் எப்படி வாங்குகிறோம் என்று முதலில் சொல்கிறேன். 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டத்தில் 21ஆம் பிரிவின் கீழ் பொறுப்பு பெற்ற பள்ளிகள், பாடப்புத்தகம், எழுதுபொருள் போன்றவற்றைத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். எங்கள் குழுவில் நகல் எடுக்கும் தாள் வாங்கப் பேசிய கூட்டம் ஒன்று நினைவிருக்கிறது. மேசையில் மூன்று கொட்டேஷன்கள். ஒன்றில் பெட்டி விலை மற்ற இரண்டையும்விடக் கணிசமாகக் குறைவு. எல்லோரும் சரி என்று சொல்லப்போன நேரத்தில், துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா அந்தத் தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது 70 கிராம் தாள். மற்ற ரெண்டும் 80" என்றார். விலைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் பழைய நகல் மெஷினில் மெல்லிய தாள் போட்டால் இரண்டு இரண்டாக இழுத்துச் சிக்கிக்கொள்ளும், பாதித் தாள் குப்பைக்குத்தான் போகும். டெலிவரிக் கூலியையும் சேர்த்துப் பார்த்தபோது நடுவில் இருந்த கொட்டேஷன்தான் மலிவு என்று ஆனது. அதை வாங்கினோம். ஏன் வாங்கினோம் என்று குறிப்பேட்டில் எழுதி, மூன்று கொட்டேஷன்களையும் கோப்பில் வைத்தோம்.

இதை எங்கள் பெருமைக்காகச் சொல்லவில்லை. சட்டம் எங்களிடம் எதிர்பார்ப்பதே இதுதான். அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தைக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பெற்றோர் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று 38ஆம் பிரிவு சொல்கிறது. ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆடிட் செய்த கணக்கை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். அக்கறை உள்ளவர் யார் வந்து கேட்டாலும் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும் என்று 43ஆம் பிரிவில் இருக்கிறது. கட்டணப் பணமும், சனிக்கிழமை காலையில் அண்டா வைத்துப் பிரியாணி சமைத்து டிக்கெட் விற்றுச் சேர்த்த பணமும் எங்கள் கையில் இருக்கிறது. அதற்குப் பெற்றோர் கணக்குக் கேட்கிறார்கள், நாங்கள் சொல்கிறோம்.

இனி நீங்கள் வாங்கி அனுப்பும் பொருளுக்கு வருகிறேன். பள்ளி வாசலில் லாரி வந்து நிற்கும். ஓட்டுநர் டெலிவரி நோட்டை நீட்டுவார். அதில் பொருளின் பெயரும் எண்ணிக்கையும் இருக்கும். விலை இருக்காது. தரம் என்ன என்று இருக்காது. எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும் என்பதும் இருக்காது. அலுவலக எழுத்தர் பெட்டிகளை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையைக் குத்துகிறார். அந்த முத்திரைதான் பொருள் போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி. அதை நம்பித்தான் இன்வாய்ஸுக்குப் பணம் போகிறது. 80 கிராம் தாளுக்கு விலை கொடுத்து 70 கிராம் தாள் வந்து இறங்கினால் அந்த எழுத்தர் எப்படிக் கண்டுபிடிப்பார்? எதை ஆர்டர் செய்தார்கள் என்பதே அவருக்குத் தெரியாதே. எங்கள் குழுவில் அந்த அம்மாவால் பார்க்க முடிந்தது, தாள் அவர் கையில் இருந்ததால்தான்.

அரசியலமைப்பின் 217ஆம் பிரிவு, அரசின் கொள்முதல் நியாயமாகவும், எல்லோருக்கும் சமமாகவும், வெளிப்படையாகவும், போட்டியுடனும், பணத்துக்கேற்ற பயனோடும் இருக்க வேண்டும் என்கிறது. 10 லட்சம் ராண்டுக்கு மேல் போனால் டெண்டர் விட வேண்டும், விலைக்கு இவ்வளவு புள்ளி, முன்னுரிமை இலக்குகளுக்கு இவ்வளவு புள்ளி என்றெல்லாம் விதிகள் தெளிவாக இருக்கின்றன. டெண்டர் அறிவிப்பும், யாருக்குக் கிடைத்தது என்பதும் அரசின் இ-டெண்டர் தளத்தில் வருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே தெரிவது ஒப்பந்தத்தின் தொடக்கம் மட்டும். கையெழுத்தான பிறகு நடப்பதை, அதாவது மாதத்துக்கு மாதம் நீட்டித்ததை, விலை கூட்டியதை, பாதிப் பொருள் வந்ததை, வராமலே போனதை, பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள் பார்க்க வழியில்லை. பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் இந்தப் பகுதிதான்.

2012இல் லிம்போப்போ மாகாணத்தில் என்ன நடந்தது என்பதை நாடே பார்த்தது. ஜனவரியில் பள்ளி தொடங்கியாயிற்று, புதிய பாடத்திட்டத்துக்கான புத்தகங்கள் பல பள்ளிகளுக்குப் போகவில்லை. மே மாதம் வழக்கு பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. புத்தகம் கொடுக்காதது அடிப்படைக் கல்வி உரிமையை மீறுவதாகும் என்று நீதிபதி ஜோடி கொல்லப்பன் தீர்ப்பளித்தார். அதற்குப் பிறகும் அரசு பெரிய பெரிய விழுக்காடுகளைச் சொன்னது. பள்ளிகளில் போய்ச் சரிபார்த்தவர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள். கிடங்கிலிருந்து கிளம்பியதும் பிள்ளை கையில் கிடைத்ததும் ஒரே கணக்கில் சேர்க்கக்கூடியவை அல்ல. கடைசியில் 2015 டிசம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடப்புத்தகமும் கிடைப்பது உரிமை என்று உறுதிசெய்தது. அந்த மாகாணத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் என்ன வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்ற தாள் இருந்திருந்தால், எத்தனை விழுக்காடு என்று யாரும் வாதாடியிருக்க வேண்டியதில்லை. பள்ளிகளே சொல்லியிருக்கும்.

நம் மாகாணத்துக்கு வருவோம். 1994இல் மண்டேலாவின் ஆட்சி தொடங்கிவைத்த பள்ளி உணவுத் திட்டத்தில், காலை பத்து மணிக்குள் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட வேண்டும் என்பது வழிகாட்டுதல். பல பிள்ளைகளுக்கு அதுதான் அன்றைய முதல் சாப்பாடு. அதுவரை வட்டாரத்துச் சிறு சப்ளையர்கள் செய்துவந்த இந்த வேலை, 2023இல் சுமார் 210 கோடி ராண்ட் மதிப்பில் ஒரே நிறுவனத்துக்குப் போனது. ஏப்ரலில் இரண்டாம் பருவம் தொடங்கியது. பல பள்ளிகளுக்கு அரிசி வரவில்லை, பயறு வரவில்லை, டின் மீன் வரவில்லை. சமைக்கும் பெண்கள் வந்தார்கள், அடுப்பு இருந்தது, சமைக்க ஒன்றுமில்லை. செய்தி வெளியே வந்து, கூச்சல் எழுந்து, அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பும் வரை பிள்ளைகள்தான் அந்தப் பசியைத் தாங்கினார்கள். இதை எழுதும்போதும் எனக்கு மனம் கொதிக்கிறது. முதல் நாள் காலையில் லாரி வராதபோது ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் "இன்று இத்தனை கிலோ இந்தக் கிடங்கிலிருந்து வந்திருக்க வேண்டும், வராவிட்டால் இந்த எண்ணில் கூப்பிடு" என்ற தாள் இருந்திருந்தால், அன்று மதியத்துக்குள் உங்களுக்கு எல்லாப் பள்ளிகளிலிருந்தும் தகவல் வந்திருக்கும்.

வெளியிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். கொரோனா காலத்தில் கொள்முதல் ஊழல்கள் வெடித்தபோது, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற விவரங்களை அரசு வெளியிட வேண்டி வந்தது. கௌடெங் மாகாணத்தில் பள்ளிகளுக்குக் கிருமிநாசினி தெளிக்க 2020இல் மூன்றே மாதத்தில் 43 கோடி ராண்டுக்கு மேல் செலவானது மக்களுக்குத் தெரிந்தது. சிறப்புப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்க இறங்கியது. ஆனால் அதற்குள் பணம் போய்விட்டது. பள்ளிக்கு முன்னதாகவே தாள் வந்திருந்தால், தன் பள்ளியில் இரண்டு மணி நேரம் மருந்தடித்ததற்கு எழுதியிருக்கும் தொகையைப் பார்த்து ஒரு தலைமையாசிரியராவது உடனே கேட்டிருப்பார்.

உங்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்று நம்புகிறேன். அந்த நேர்மையானவர்களுக்காகவும்தான் இதைக் கேட்கிறேன். பபிதா தேவகரனை நினைத்துப் பாருங்கள். கௌடெங் சுகாதாரத் துறையில் நிதி அதிகாரியாக இருந்து, சந்தேகமான பணப் பட்டுவாடாக்களைச் சுட்டிக்காட்டியவர். 2021 ஆகஸ்ட் 23ஆம் தேதி காலையில், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பியபோது வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். கணக்கு ஒருவருடைய மேசைக்குள் மட்டும் இருக்கும்வரை, அதைத் தெரிந்துவைத்திருப்பவர் உயிருக்கு ஆபத்து. ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அதே கணக்கு ஒட்டப்பட்டிருந்தால், ஒருவர் வாயை மூடுவதால் யாருக்கும் லாபம் இல்லை.

பணம் கொடுத்த தேதியையும் ஏன் கேட்கிறேன் என்றால், இன்வாய்ஸ் வந்த 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது கருவூல விதி. எனக்குத் தெரிந்த ஒரு சிறு வியாபாரி, ஒரு அரசு அலுவலகத்துக்கு நாற்காலி சப்ளை செய்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தார். வேன் தவணை கட்ட முடியாமல் வேனே போனது. இனி அரசு வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். இவரைப் போன்றவர்கள் ஒதுங்க ஒதுங்க, ஆறு மாதம் பணம் வராவிட்டாலும் தாக்குப்பிடிக்கும் பெரிய நிறுவனங்கள்தான் டெண்டருக்கு வருகின்றன. அந்தத் தாமதத்தின் செலவையும் விலையில் ஏற்றித்தான் கேட்கும். சிறு வணிகருக்கும் கறுப்பினத் தொழில்முனைவோருக்கும் முன்னுரிமை என்று புள்ளி கொடுத்துவிட்டுப் பணத்தை இழுத்தடித்தால், கொடுத்த முன்னுரிமையை நாமே பறிப்பதாகத்தானே ஆகும்?

இன்னொரு கவலையும் உண்டு. 2024 செப்டம்பரில் ஜனாதிபதி கையெழுத்திட்ட கல்விச் சட்டத் திருத்தம், பாடப்பொருள்களை மாகாணமே மொத்தமாக வாங்க இடம் கொடுக்கிறது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது நியாயமான வாதம். கணிதப் புத்தகத்துக்கு அது சரி. ஆனால் ஒரு பள்ளியில் ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் படிக்கும் தமிழுக்கோ, தெலுங்குக்கோ, உருதுக்கோ மொத்தக் கொள்முதலில் யார் இடம் பார்ப்பார்கள்? லாபம் இல்லாத சிறு ஆர்டர் எப்போதும் பட்டியலின் கடைசியில்தான் நிற்கும். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழையும் பெயர் சொல்லி மதிக்கச் சொல்லியிருக்கிறது. அந்த மதிப்பு, ஜனவரி மாதம் பிள்ளையின் பையில் புத்தகமாக இருக்க வேண்டும். எங்களுக்கான ஆர்டர் போயிற்றா இல்லையா என்பது செப்டம்பரிலேயே தெரிந்தால், வராத புத்தகத்துக்கு நாங்கள் வேறு ஏற்பாடாவது செய்வோம்.

வணிக ரகசியம் என்று பதில் வரலாம். டெண்டரில் விலை சொல்லி வென்றவருக்கு, மக்கள் பணத்தில் விற்கும் பொருளின் விலை ரகசியம் ஆக முடியாது. வேலைப் பளு என்றும் சொல்லலாம். எந்தப் பள்ளிக்கு எத்தனை என்ற பட்டியல் இல்லாமல் சப்ளையரால் லாரியே அனுப்ப முடியாது. ஆகவே அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது, விலையையும் தேதியையும் சேர்த்துப் பள்ளிக்கு அனுப்புவதுதான் பாக்கி. புதுச் சட்டமும் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டமே, யாரும் விண்ணப்பிக்காமலே திறந்து வைக்கும் ஆவணங்கள் இன்னின்னவை என்று துறை தானாக அறிவிக்க இடம் கொடுத்திருக்கிறது. பள்ளிவாரிக் கொள்முதல் பட்டியலை அதில் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் முன்னோர் கரும்புத் தோட்டத்துக் கூலியில் மிச்சம் பிடித்துப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள். 1929இல் திறந்த சாஸ்திரி கல்லூரிக்கு இந்தியர்கள்தான் பணம் சேர்த்தார்கள். மானியப் பள்ளிகள் பலவற்றில் கட்டடச் செலவின் பங்கைப் பெற்றோரே சுமந்தார்கள். கொடுத்தவர் பெயரும் தொகையும் செலவும் எல்லோருக்கும் தெரியும்படிதான் அந்தக் கணக்கு நடந்தது. அரசு நம்முடையதாகிவிட்ட இந்தக் காலத்தில் அதைவிடக் குறைவாக எங்களுக்குத் தெரிவது முறையல்ல.

அடுத்த ஆண்டுக்கான புத்தக, எழுதுபொருள் ஆர்டர்கள் போவதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். மாகாணம் முழுவதும் ஒரே நேரத்தில் முடியாது என்றால், ஒரு மாவட்டத்தில் ஒரு பருவத்துக்குச் செய்து பாருங்கள். எங்கள் மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், வந்த பொருளைச் சரிபார்த்து மூன்று நாளுக்குள் அறிக்கை அனுப்ப எங்கள் குழு தயார். பக்கத்துப் பள்ளிக் குழுக்களையும் கேட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பதில் எதுவானாலும், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதை முழுவதுமாக வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
பள்ளி நிர்வாகக் குழுவின் நிதிக் குழு உறுப்பினர்,
சாட்ஸ்வர்த், டர்பன்