போயிட்டு வர்றேன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் மனசு ஆறியது. ஜப்பான்காரர்கள் காதலை எப்படிச் சொல்வார்கள் என்று பாப்பா கேட்டிருக்கிறாள். டோக்கியோவில் இந்த நிஷி கசாய்க்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் எழுதுகிறேன், படித்துக் காட்டு.

கார்ட்டூனில் அவள் கேட்கிற 'ஐஷிதேரு'வை இங்கே அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று அர்த்தம்; ரொம்பக் கனமான சொல். வாய் திறந்து சொல்வது 'சுகி தெஸ்'. அதில் 'நான்' கிடையாது, 'உன்னை'யும் கிடையாது. பெண் பார்த்துவிட்டு வந்து "பிடிச்சிருக்கு" என்போமே, அச்சு அசல் அதேதான். இது பிடிபட்ட அன்றைக்கு இந்த மொழியே எனக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டது! இப்படி மனசைத் திறந்து சொல்லி, "என்னோடு பழகுவாயா?" என்று கேட்பதற்குக் 'கொகுஹாகு' என்று பெயர். பெரும்பாலும் அதற்குச் சம்மதம் கிடைத்த பிறகுதான் இருவரும் ஜோடி. பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் சாக்லேட் கொடுப்பார்கள். ஆண்களின் பதில் மரியாதை மார்ச் 14 அன்று.

கல்யாணமான பிறகு அந்தச் 'சுகி'யும் குறைந்துவிடுகிறது. சொல்லாமலே புரியும் என்கிறார்கள். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. குன்மா மாவட்டத்தில் ட்சுமகோய் என்று முட்டைக்கோசுக்குப் பேர்போன கிராமம் ஒன்று இருக்கிறது. புயலைத் தணிக்கக் கடலில் குதித்து உயிர்விட்ட மனைவியை நினைத்து யமாதோ தகேரு என்ற இளவரசன் புலம்பிய கதையிலிருந்து அந்தப் பெயர் வந்ததாம். அங்கே கோசு வயலுக்கு நடுவே நின்று, கணவன்மார்கள் மனைவியின் பெயரைச் சொல்லி அன்பைக் கத்திச் சொல்லும் நிகழ்ச்சியை 2006இல் ஆரம்பித்தார்கள். சொல்லாமலே புரிந்துவிடும் என்றால் வயலில் போய்க் கத்துவானேன்?

ஆனால் எதிர்வீட்டுத் தாத்தாவைப் பார்த்த பிறகு எதையும் அடித்துப் பேச முடியவில்லை. பாட்டி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் பலகாரம் கொடுக்கப் போயிருந்தேன். வீட்டுப் பூஜை மாடத்தில் பாட்டியின் படம். அதன் முன்னால் சின்னக் கிண்ணத்தில் ஆவி பறக்கும் சோறு. தாத்தா ஷூ மாட்டிக்கொண்டு, கதவில் கை வைத்தபடி உள்பக்கம் திரும்பி, "இத்தெகிமாஸ்" என்றார். இத்தெ என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். நம் "போயிட்டு வர்றேன்"தான்டா. பதிலுக்கு உள்ளேயிருந்து "இத்தெராஷ்ஷாய்" என்று வரவேண்டும், போயிட்டு வாங்க என்று. அவர் ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உமாவிடம் என்ன சொன்னேன் என்பதை நேரில் சொல்கிறேன். பொங்கலுக்கு வருகிறோம். அம்மாவைச் சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போட்டுக்கொள்ளச் சொல்.

உன்,
ராமு